புகையை விட்டால் பணமா? ஊர் ஏன் இரண்டாகிறது

கேள்வி இதுதான். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் நலச் சங்கக் கூட்டத்தில், சிங்கப்பூரில் தொழில் செய்யும் ஊர்க்காரர் ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் பீடி, சிகரெட்டை விட்டுக் காட்டுகிறவர்களுக்கும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறவர்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் தருவாராம். பாதிப் பேர் கை தட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் "அப்ப இத்தனை வருசமா பீடியைத் தொடாதவன் ஏமாளியா?" என்று எழுந்துவிட்டார்கள். இந்த எதிர்ப்பில் நியாயம் உண்டா, பணத்தால் பழக்கம் மாறுமா, சங்கம் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரத்தில் பொது சுகாதார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதே வாக்குவாதத்தை வேறு வேறு உருவத்தில் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்வதற்குக் காசு கொடுப்பதை நம் மக்கள் எதிர்ப்பதே இல்லை. 'தானாகத் தேடிக்கொண்டவன்' என்று தாங்கள் நினைக்கிற ஆளுக்குக் காசு போகும்போதுதான் எதிர்க்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் கிளம்பிய சத்தமும் அதுதான்.

அரசாங்கமே பல வருடமாக இதைச் செய்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000 என்று ஏறியது. இந்த 18,000த்தில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். சும்மா கொடுப்பதில்லை. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிய வேண்டும், பரிசோதனைக்கு வர வேண்டும், அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆக வேண்டும், பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஒவ்வொரு கட்டம் தாண்டினால்தான் அடுத்த தவணை. சொன்னபடி நடந்தால் காசு என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. ஆனாலும் இதை யாரும் 'லஞ்சம்' என்று சொல்வதில்லை.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்து நர்சம்மா பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு ஆச்சி குரல் கொடுத்தார்: "நாங்க எட்டுப் பெத்தோம், யாரு எட்டணா குடுத்தா?" எல்லாரும் சிரித்தார்கள். சொல்லிவிட்டு அந்த ஆச்சியே மருமகளின் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். பெட்டகத்தில் இருந்த பேரீச்சம்பழம் யார் வாய்க்குப் போனது, நெய் எந்தப் பலகாரத்துக்குப் போனது என்பது தனிக்கதை. ஆனால் 'எனக்குக் கிடைக்காதது இவளுக்கு ஏன்' என்ற கேள்வி அங்கே விளையாட்டாகத்தான் வந்தது. உங்கள் கூட்டத்தில் அதே கேள்வி கோபமாக வந்திருக்கிறது. கர்ப்பிணியிடம் யாரும் குற்றம் காண்பதில்லை. பீடிக்காரரிடம் காண்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

காசநோய்க்காரர்களுக்கு 2018லிருந்து மாதம் 500 ரூபாய் சாப்பாட்டுச் செலவுக்கு வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000. அதற்கும் முணுமுணுப்பு இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். முப்பது வருடம் பீடி பிடித்தவருக்கு நெஞ்சுவலி வந்து, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். செலவு ஊரார் வரிப்பணம். "பீடி குடிச்சவனுக்கு எதுக்கு ஸ்டென்ட்?" என்று கூட்டத்தில் யாராவது எழுவார்களா? மாட்டார்கள். அதே ஆளுக்கு, நெஞ்சுவலி வருவதற்கு முன்னால், விடச் சொல்லி 5,000 கொடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். 2011ல் வெளியான ஒரு ஆய்வில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிலரிடம் கேட்டார்கள். ஒரே பலன் தரும் இரண்டு வழி, ஒன்று மருத்துவச் சிகிச்சை, இன்னொன்று பணம். எது ஏற்கத்தக்கது, எது நியாயம்? இரண்டு நாட்டிலும் பணத்துக்குத்தான் குறைந்த மதிப்பெண். பலன் ஒன்றே என்று சொல்லியும் அப்படித்தான். மாத்திரை கொடுத்தால் வைத்தியம், காசு கொடுத்தால் சலுகை என்று மனசு பிரித்துவிடுகிறது.

அடுத்த வருடம் வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. பணம் கொடுத்தால் கொஞ்சம் கூடுதலாகப் பலன் கிடைக்கும் என்றால் உங்கள் கருத்து மாறுமா என்று கேட்டார்கள். வெற்றி நூற்றுக்கு 10 என்பது 11 ஆகும் என்று சொன்னதுமே, பணம் கொடுப்பதை ஏற்றவர்கள் 46 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாகிவிட்டார்கள். கொள்கை, நியாயம் என்று கிளம்பிய எதிர்ப்பு, பலன் கொஞ்சம் தெரிந்தவுடன் தளர்ந்துவிட்டது. அதே ஆய்வில், ரொக்கத்தைவிட மளிகைக் கூப்பனை மக்கள் அதிகம் ஏற்றார்கள், ஆடம்பரச் சாமான் கூப்பன் என்றால் பிடிக்கவில்லை. அரிசி, பருப்பு வாங்குகிறவர்மேல் யாருக்கும் பொறாமை வருவதில்லை போலிருக்கிறது.

சரி, 'தொடாதவன் ஏமாளியா' என்ற கேள்விக்கு வருவோம். அது வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 878 ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, முடிவு 2009ல் வெளியானது. ஒரு பாதிக்குப் புகையை விடும் வழிகளைப் பற்றிய தகவல் மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு, படிப்படியாக மொத்தம் 750 டாலர் வரை. ஒரு வருடம் நெருங்கும்போது தகவல் மட்டும் வாங்கியவர்களில் நூற்றுக்கு 5 பேர் விட்டிருந்தார்கள், பணம் வாங்கியவர்களில் கிட்டத்தட்ட 15 பேர். மூன்று மடங்கு. நிறுவனமும் மகிழ்ச்சியாக எல்லாருக்கும் விரிவாக்கப் போனது. அப்போது புகைக்காத ஊழியர்கள் எழுந்தார்கள், உங்கள் ஊர்க்காரர்கள் கேட்ட அதே கேள்வியோடு. கடைசியில் பரிசை விட்டுவிட்டு, புகைக்கிறவர்களின் காப்பீட்டுக் கட்டணத்தில் 625 டாலர் கூட்டினார்கள். பரிசு அபராதமாக மாறிவிட்டது. பலன் நிரூபணமான பிறகும், ஊழியர்களின் நியாய உணர்ச்சி திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டியது. உங்கள் சங்கம் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வுத்தாளைக் காட்டி ஊர்க்கூட்டத்தில் ஜெயிக்க முடியாது.

எதிர்ப்பின் இன்னொரு வேர் பழைய நினைவு. குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்கு ரொக்கம் கொடுக்கும் வழக்கத்தை 1950களிலேயே தொடங்கிய அரசு நம் மதராஸ் அரசு. பிறகு நெருக்கடி காலத்தில் வட மாநிலங்களில் இலக்கு வைத்து ஆள் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். அறுபது, எழுபது வயதுக்காரர்களிடம் 'மருத்துவமனைக்குப் போனால் பணம்' என்று சொன்னாலே 'இதில் ஏதோ இருக்கிறது' என்று கண் சுருங்கும். கொரோனா தடுப்பூசி நேரத்திலும் இதைப் பார்த்தோம். 2021ல் சென்னைக்குப் பக்கத்தில் கோவளம் மீனவர் குடியிருப்பில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பிரியாணி, குலுக்கலில் தங்கக்காசு, ஸ்கூட்டர் என்று ஒரு தொண்டு அமைப்பு அறிவித்தது. கூட்டம் வந்தது. அதே வருடம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் பத்து லட்சம் டாலர் லாட்டரி வைத்தது. அதனால் ஊசி போட்டவர்கள் கூடினார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது. ஸ்வீடனில் லாட்டரி எல்லாம் இல்லாமல், ஊசி போட்டால் 200 குரோனர் என்று நேராகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்கள் நூற்றுக்கு 72லிருந்து 76 ஆனார்கள். கோடிக் கனவைவிட கைக்கு நிச்சயமாக வரும் சின்னத் தொகை மேல் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவதாக ஒரு எதிர்ப்பு உண்டு, பெரியவர்கள் சொல்வது: காசுக்காகச் செய்தால் அந்தக் காரியத்தின் மதிப்பே போய்விடும். இதை நான் மதிக்கிறேன். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியிலிருந்து காவடி எடுத்துக்கொண்டு சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். கால் கொப்பளித்து, வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் நடக்கிற அறுபது வயது மனிதரிடம் போய் 'ஒரு நாளைக்கு 500 ரூபாய் தருகிறோம்' என்று சொல்லிப் பாருங்கள். அடிக்க வருவார். வழியில் மோர்ப்பந்தல் போட்டுக் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு வாழ்த்துவார். ரத்ததானமும் அந்த வகைதான். காசுக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி 1லிருந்து நம் நாட்டில் சட்டப்படி கூடாது. கௌரவத்தோடு நடக்கிற காரியத்தில் ரொக்கத்தைக் கொண்டுபோய்ச் செருகக் கூடாது. ஆனால் பீடியை விடுவது இன்றைக்கு யாருக்கும் கௌரவம் தரும் காரியமாக இல்லையே. விட்டவரை டீக்கடையில் கிண்டல்தான் செய்கிறார்கள். அங்கே கெட்டுப்போவதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பதால் பணம் கொடுத்துப் பார்க்கலாம்.

பணமே இல்லாமல் ஊர் ஊராகப் பழக்கம் மாறிய கதையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களும் அந்த மாவட்டம்தான். யாரும் ஓட்டினால் காசு என்று சொல்லவில்லை. ஏறி மிதித்த அன்றைக்கே பலன் கையில் இருந்தது: தண்ணீர் எடுக்கப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். புகையை விட்டால் பலன் பத்து, இருபது வருடம் கழித்து, அதுவும் வராத நோயின் உருவத்தில். இன்றைக்கு மிஞ்சுவது தலைவலியும் எரிச்சலும் மட்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பணம் பயன்படுகிறது. பலன் உடனே தெரிகிற காரியத்துக்குக் காசு வீண்.

அப்புறம், வேலை செய்யுமா என்ற கேள்வி. புகையைப் பொறுத்தவரை செய்யும், அளவாகச் செய்யும். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2019ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 33 சோதனைகளை, 21,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. பணமோ கூப்பனோ பெற்றவர்கள் நீண்ட நாள் கழித்தும் விட்டே இருப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பணம் நின்ற பிறகும் பலன் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் அந்த ஜெனரல் எலெக்ட்ரிக் கணக்கையே எடுத்தாலும், பணம் முழுதும் கொடுத்து முடித்து ஆறு மாதம் போனபின் நூற்றுக்கு 15 என்பது 9 ஆகிவிட்டது. தகவல் மட்டும் பெற்றவர்கள் 4 பேருக்குள். அதாவது நூறு பேரைச் சேர்த்தால் கூடுதலாக ஆறு பேர் தப்புகிறார்கள். ஆறு குடும்பம் என்று பார்த்தால் பெரிசு. சிங்கப்பூர்க்காரர் ஊரே புகையற்ற ஊர் ஆகிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவார்.

உடல் எடை விஷயத்தில் இன்னும் மோசம். 2008ல் வந்த ஒரு சிறிய சோதனையில், பணம் சம்பந்தப்பட்ட இரண்டு குழுவும் 16 வாரத்தில் 13, 14 பவுண்டு இறங்கின. பணம் இல்லாத குழு 4 பவுண்டு. ஏழாவது மாதம் போய்ப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டிருந்தது.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டவரைப் பாருங்கள். 48 நாள் பீடி இல்லை, பிராந்தி இல்லை, கறி இல்லை. செக்காலை ரோட்டு டீக்கடையில் அவர் தவறிப்போய்க் கை நீட்டினாலும் கடைக்காரர் "சாமி, மாலை" என்று டீயை மட்டும் நீட்டுவார். அத்தனை பேரும் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள், அத்தனை பேரும் கண்காணிக்கிறார்கள். உடம்பில் நிக்கோட்டின் பிடி விடுவதற்கு அந்த நாட்கள் தாராளமாகப் போதும். ஆனாலும் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் பலர் முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான். விரதத்துக்குக் கெடு இருந்தது, கெடு முடிந்தது. பணமும் இப்படித்தான் கெடு வைக்கிறது. அதனால் சங்கத்துக்கு நான் சொல்லும் முதல் யோசனை காசைப் பற்றியதே இல்லை. மாலை கழற்றும் வாரத்தில் அந்த ஆட்களைப் பிடியுங்கள். ஏற்கெனவே விட்டுவிட்ட மனிதரை இன்னும் நான்கு மாதம் நிறுத்திவைப்பது, புகைத்துக்கொண்டிருப்பவரை நிறுத்துவதைவிட எவ்வளவோ சுலபம்.

அடுத்து ஏமாற்று. இதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள், ஆனால் திட்டம் சிக்குவது இங்கேதான். விட்டுவிட்டேன் என்று சொன்னால் எப்படி நம்புவது? மூச்சை ஊதச் சொல்லி கார்பன் மோனாக்சைடு பார்க்கும் சின்னக் கருவி உண்டு. அது கடைசி ஒரு நாளைத்தான் காட்டும். சோதனைக்கு முதல் நாள் மட்டும் நிறுத்திவிட்டு வந்தால் தப்பித்துவிடலாம். எச்சிலிலோ சிறுநீரிலோ, நிக்கோட்டின் உடம்புக்குள் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருளைப் பார்த்தால் சில நாட்கள் வரை தெரியும். நம் ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல்: வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள். மூச்சுக் கருவிக்கு அது தெரியவே தெரியாது. பீடியை விட்டுப் புகையிலைக்கு மாறியவர் பரிசு வாங்கிக்கொண்டு போய்விடுவார், வாய்ப்புற்று மட்டும் பின்னால் வரும். மாறாக, மருத்துவர் சொல்லி நிக்கோட்டின் சூயிங்கம் மெல்லும் நல்ல மனிதர் கோட்டினின் சோதனையில் மாட்டிக்கொள்வார். ஆகவே என்ன சோதனை, எந்த நாள், யார் செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

சர்க்கரைக்குப் பணம் என்ற பகுதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு இறங்கினால் 5,000 என்று வைத்தால், யாருக்குப் போகும்? நேற்றுதான் நோய் தெரிந்த, மாத்திரை நன்றாகக் கேட்கிற இளைய ஆளுக்கு. இருபது வருடமாக இன்சுலின் போடும் ஆச்சி எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் அளவு இறங்காமல் போகலாம். முயற்சிக்குக் கொடுக்காமல் உடம்புக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். இன்னொன்று, சர்க்கரை தனியாள் விவகாரமாக இருந்தால் பரவாயில்லை. நம் வீட்டு விசேஷப் பந்தியில் என்ன நடக்கிறது? அப்பச்சி இலையை மூடப் போகும்போது கந்தரப்பம் என்ற இனிப்புப் பலகாரம் வருகிறது, வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைக்கிறார். பரிமாறுகிற உறவுக்காரர் "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, நாளைக்கு ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கங்க" என்று விரலிடுக்கில் இலையில் போட்டுவிடுகிறார். மறுத்தால் வீட்டுக்காரருக்குக் கோபம். 5,000 ரூபாய் அப்பச்சிக்குக் கொடுத்து என்ன பயன்? அந்தப் பரிமாறுகிறவருக்குக் கொடுத்தால்தான் உண்டு.

எங்கே பணம் நன்றாக வேலை செய்கிறது என்றால், ஒரு தடவை, இரண்டு தடவை செய்து முடிக்கும் காரியங்களில். ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் 134 கிராமங்களில் நடந்த சோதனை 2010ல் வெளியானது. ஒன்றும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட பிள்ளைகள் நூற்றுக்கு 6. சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18. அதே முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டு என்று கொடுத்த ஊர்களில் 39. முதல் ஏற்றம் எதனால் என்று கவனியுங்கள். சொன்ன நாளில் ஆள் இருந்தாலே மூன்று மடங்கு. பருப்பு அதற்கு மேல்தான். தலைக்குச் செலவும் குறைந்தது, ஏனென்றால் ஒரு பிள்ளை வந்தாலும் ஐம்பது பிள்ளை வந்தாலும் முகாம் ஊழியருக்குச் சம்பளம் ஒன்றே. பருப்பின் விலை அப்போது 40 ரூபாய் அளவில்தான். பிள்ளைக்கு ஊசி போடுவதை எதிர்க்கிறவர்களை அது வாங்கிவிடவில்லை. 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று இருந்தவர்களை இந்த வாரம் கிளப்பியது, அவ்வளவுதான்.

செட்டிநாட்டில் 'அடுத்த வாரம்' என்று கிடக்கும் காரியங்கள் எத்தனையோ. சர்க்கரைக்காரர்களின் கண்ணின் பின்புறத்தை வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும், கால் உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். பார்வை மங்கிய பிறகுதான் மதுரைக்கு வண்டி ஏறுகிறார்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் ரத்த அழுத்தம் பார்த்து வருடக்கணக்காகியிருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, ஆனால் கண் பரிசோதனைக்கு ஆள் நேரில் வந்துதான் ஆக வேண்டும். சர்க்கரைக்கு ஒதுக்கும் பணத்தை இங்கே திருப்புங்கள்: கண்ணும் காலும் காட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு மளிகைப் பை, வந்துபோக ஆட்டோ. அளவு எவ்வளவு இருந்தாலும் பை உண்டு. இதில் 'ஏமாளி' கேள்வி எழவே எழாது. எல்லார் வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரர் உண்டு.

புகைக்கு வருவோம். கேள்வி எழுப்பியவர்களின் வாயை அடைக்க ஒரு நல்ல வழி, துணை நிற்பவருக்கும் கொடுப்பது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் புகைக்கும் கர்ப்பிணிகளுக்கு மாதா மாதம் கூப்பன் கொடுத்தார்கள், அவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு துணையாளுக்கும் கொடுத்தார்கள். 2000ல் வந்த அந்த முடிவில், பிரசவம் நெருங்கும்போது விட்டிருந்தவர்கள் நூற்றுக்கு 32, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 9. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். பீடிக்காரர் பெயரில் பணம் போடாதீர்கள். அவர் வீட்டு ஆச்சி பெயரில், மாதம் ஒரு மளிகைச் சீட்டாகப் போடுங்கள். வாழ்நாள் முழுக்கப் பீடியைத் தொடாமல், அதன் நாற்றத்தை மட்டும் சகித்த மனுஷிக்குப் போகிறது. அதை யார் எதிர்ப்பார்கள்? சீட்டு நின்றுபோனால் வீட்டில் கேள்வி வரும் என்பது கூடுதல் வசதி.

இன்னொரு வழி, சொந்தக் காசைப் பணயம் வைக்கச் சொல்வது. வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் நமக்கு இது பழகிய சங்கதி. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி இப்படி ஒரு கணக்குத் திறந்தது. புகைக்கிறவர் ஆறு மாதம் தன் பணத்தைப் போட்டுவர வேண்டும். முடிவில் சிறுநீர்ச் சோதனையில் தேறினால் முழுதும் திரும்பக் கிடைக்கும், தவறினால் தர்மத்துக்குப் போய்விடும். அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேர்தான் சேர்ந்தார்கள். ஆனாலும் ஒரு வருடம் கழித்துத் திடீரென்று போய்ச் சோதித்தபோதும் அந்தக் குழு முன்னால் இருந்தது. அமெரிக்காவில் 2015ல் வந்த பெரிய சோதனையிலும் இதே கதை: வெறும் பரிசு என்றால் 90 சதவீதம் பேர் சரி என்றார்கள், 150 டாலர் முன்பணம் கட்டு என்றால் 14 சதவீதம்தான். ஆனால் கட்டத் துணிந்தவர்கள் நன்றாகவே விட்டார்கள். ஊர்ப் பேச்சுக்கும் இது நல்லது. தன் பணத்தைத் தானே திரும்ப வாங்குகிறவரைப் பார்த்து யாரும் சலுகை என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. தோற்றால் பணம் கோயிலுக்கு என்று வைத்துவிடாதீர்கள். கொப்புடையம்மன் உண்டியலில் 1,000 ரூபாய் விழுந்தால் நம் ஆளுக்கு அது தோல்வியாகவே தெரியாது, புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நிம்மதியாகப் பற்றவைப்பார். பேசிக்கொள்ளாத பங்காளிக்குப் போகும் என்று எழுதி வாங்குங்கள், சாகும்வரை தொடமாட்டார். சிரிப்புக்குச் சொல்லவில்லை. யேல் பல்கலைக்கழகப் பொருளியல்காரர்கள் 2008ல் தொடங்கிய ஸ்டிக் என்ற இணையதளத்தில், தனக்குப் பிடிக்காத அமைப்புக்குப் பணம் போகும்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது.

தவறி ஒரு நாள் புகைத்தவரை அன்றோடு வெளியே தள்ளவும் வேண்டாம். அமெரிக்க உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் 61,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் 54 விதமான திட்டங்களைச் சோதித்து 2021ல் முடிவு வெளியிட்டார்கள். முன்னணியில் வந்தது, ஒரு நாள் தவறவிட்டுவிட்டுத் திரும்பி வருகிறவருக்குச் சில காசுகள் கூடுதலாகக் கொடுத்த திட்டம். முதல் மாதத்தில் சறுக்காமல் புகையை விட்டவர்கள் அபூர்வம், திரும்பி வர ஒரு கதவு இருக்கட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தொகையை மேடையில் அறிவிப்பதற்கு முன்னால், யார் யார் புகைக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்துவிடுங்கள். சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே பதிவானவர்கள், மாலை போட்டுக் கழற்றியவர்கள், வீட்டார் சொல்லும் பெயர்கள் என்று சேர்த்து, கையெழுத்து வாங்கி, மூச்சுச் சோதனையும் ஒரு தடவை செய்து மூடிவிடுங்கள். அறிவித்த பிறகு பட்டியல் எடுத்தால், 5,000 ரூபாய்க்காகப் புதிதாகப் பீடி பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள்.